காபி கிளப்பில் நான் எண்ணிய பத்துச் சுற்றுகள்

ஸ்டூலின் ஒரு கால் குட்டை. அதன் மேல் ஏறி நின்று, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு மீட்டரின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர் கீழே ஆட்டுக்கல்லில் உளுந்து ஆடிக்கொண்டிருந்தது. அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. வெளியே காபிக்கு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிளாஸும் கையுமாக எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தள்ளுங்கய்யா, டெஸ்டர் அய்யாவுக்கு வெளிச்சம் வேணும்" என்றார் கீழே நின்ற கருப்பையா மேஸ்திரி.

"மீட்டரு ஓடுற ஓட்டத்துக்கு அய்யா ஸ்டூலு போட்டு ஏறிப் புடிக்கிறாரு. நாமளும் கை குடுப்போமப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சென்ற வாரம், பி.எஸ்ஸி. முடித்துப் புதுக்கோட்டை மின்சாரக் கம்பெனியில் மீட்டர் டெஸ்டராகச் சேர்ந்த கதையை எழுதினேன். என் முதல் சம்பளத்தைப் பற்றிப் படித்துச் சிரித்ததாக ஆலங்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவருக்கு நன்றி. இந்த வாரம் சிரிக்க அதிகம் இராது.

மேஸ்திரி

கருப்பையா மேஸ்திரிக்கு வல்லத்திராக்கோட்டை ஊர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கம்பெனி இங்கே முதல் கம்பம் நட்ட நாளில் குழி தோண்ட வந்தவர். ஒரு பழைய ஃபிட்டரிடம் நின்று வேலை கற்று மேஸ்திரி ஆனார். எனக்கு இருபத்து நான்கு. நான் அவரை "நீ" என்றேன். அவர் என்னை "அய்யா" என்றார். அன்றைக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

மீட்டரைத் திறந்து மூடினால் திருகில் கம்பி கோத்து, ஈயத் துண்டு வைத்துக் கட்டிங் பிளேயர் போன்ற ஒரு கருவியால் நசுக்கி முத்திரை வைக்க வேண்டும். அந்தக் கருவிக்குச் 'சீல் கொறடு' என்று எங்களுக்குள் பெயர். அதில் ஒரு எண் உண்டு. ஈயத்தில் அந்த எண் பதிந்துவிடும். எங்கள் ஆபீசில் அந்தக் கொறடு மேஸ்திரி ஒருவரிடம்தான் இருந்தது. இடுப்பில் பெல்ட்டில் செருகியிருப்பார். அவருக்குக் கம்பெனி கொடுத்த மரியாதை அது ஒன்றுதான்.

தட்டு ஏமாற்றும் வழிகள்

வாசகர்களில் பலருக்கு வீட்டில் மீட்டர் இருக்கும். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவு வேகமாகத் தட்டு சுற்றும். அளவு தெரிந்த விளக்குகளை எரியவிட்டு, தட்டு பத்துச் சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று பார்த்தால் மீட்டர் சரியா, தவறா என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம் என்று எழுதுவது சுலபம். சோதிக்கிறவனை ஏமாற்ற அந்தத் தட்டுக்குப் பல வழிகள் தெரியும்.

சுவரில் மீட்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே போதும், தட்டின் நடை மாறும். ஒரு துணிக்கடையில் மீட்டரைக் காலண்டர் போலச் சாய்த்து மாட்டியிருந்தார்கள். நான் அரை மணி நேரம் கணக்குப் போட்டுக் குழம்பினேன். மேஸ்திரி ஓர் ஈயத் துண்டை நூலில் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டார். மீட்டரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

குளிர்ந்து கிடக்கும் மீட்டரை உடனே சோதித்தாலும் தப்பு வரும். சுருள் கொஞ்சம் சூடேற வேண்டும். "அய்யா, ஒரு வெத்தல போடுற நேரம் பொறுங்க" என்பார். பக்கத்துத் தெருவில் அரிசி மில் மோட்டாரைப் போட்டால் இங்கே மின் அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்தில் பெரிய காந்தமோ, நிறைய மின்சாரம் ஓடும் தடித்த கம்பியோ இருந்தால் ஒரு கோணல். ஒரு திருகு தளர்ந்திருந்தால் ஒரு கோணல். ஒற்றை விளக்கு மட்டும் எரியும்போது தட்டின் அச்சில் தூசி இருந்தால் தட்டு சோம்பிவிடும். பல விளக்குகளைப் போட்டுப் பார்த்தால் அந்தச் சோம்பல் தெரியாது.

இவை எல்லாம் நான் படித்த புத்தகத்தில் இருந்தன. சுற்றுகளை எண்ணும்போது கவனம் தேவை என்பதும் அதில் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது சிரித்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரியாதவனா இந்த வேலைக்கு வரப்போகிறான் என்று நினைத்தேன்.

களத்து எண்ணிக்கை

என் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். கடலை விவசாயம். மரக்காலில் கடலையை அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். பிறகு 'ரெண்டு', 'மூணு'. நல்ல சொல்லில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். நெல்லுக்கும் அப்படித்தான். காலேஜில் சேரும் வரை ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் களத்தில் எண்ணிக்கை சொன்னவன் நான்தான். என் குரல் எட்டூருக்குக் கேட்கும் என்பார்கள்.

களத்தில் அந்த எண்ணிக்கையில் தப்பில்லை. 'லாபம்' என்று சொல்லும்போது ஒரு மரக்கால் கடலை சாக்கில் விழுந்தாகிவிட்டது. மீட்டரில் அப்படி இல்லை. கறுப்புக் கோடு முதல் தடவை கண்ணில் படும்போது ஸ்டாப் வாட்சை அழுத்துகிறோம். அப்போது ஒரு சுற்றும் முடிந்திருக்காது. அது பூஜ்யம். கோடு அடுத்த தடவை வரும்போதுதான் ஒன்று.

வழக்கமாக எங்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. கம்பெனியில் ஒரு நிர்ணய மீட்டர் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டுவிடுவோம். போர் நடந்துகொண்டிருந்த காலம். சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பிய நிர்ணய மீட்டர் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. அதனால், அந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று முள்ளால் காட்டும் வாட் மீட்டரும் ஸ்டாப் வாட்சுமாக வேலை நடந்தது. அப்போதும் எண்ணுவது மேஸ்திரிதான். கோடு முதலில் வரும்போது "வையி" என்பார். நான் வாட்சை அழுத்துவேன். அப்புறம் "ஒண்ணு" என்று தொடங்குவார்.

காபி கிளப்பில் மீட்டர் உயரத்தில், ஒரு மூலையில், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடத்தில் இருந்தது. மேஸ்திரியின் ஒரு கால் கம்பத்திலிருந்து வழுக்கி வீங்கியிருந்தது. அவர் கீழே நின்று வாட் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டார். நான் ஏறினேன். வாட்சும் எண்ணிக்கையும் என்னிடம்.

மூன்று முறை

காபி கிளப் முதலாளி முத்துராமனின் புகார் இதுதான்: மீட்டர் பேய் ஓட்டம் ஓடுகிறது. "ராத்திரி நான் தூங்குறேன், அது தூங்கல சார்" என்றார். அவர் புதிதாக ரேடியோவும் இரண்டு ஃபேனும் வாங்கி மாட்டியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். வாசலில் அத்தனை பேர் நின்று வேடிக்கை பார்க்கும்போது நான் கவனித்தது என்னைத்தான்.

கோடு வந்தது. வாட்சை அழுத்தினேன். என் வாய் களத்துக்குப் போய்விட்டது. லாபம், ரெண்டு, மூணு. பத்து என்றதும் நிறுத்தினேன்.

பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேகம் என்று கணக்குச் சொன்னது. மறுபடி செய்தேன். அதே விடை. மூன்றாவது முறையும் அதேதான். மூன்று முறை ஒத்து வந்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தப்பும் மூன்று முறை ஒத்து வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கீழிருந்து மேஸ்திரி மெதுவாக, "அய்யா, நான் ஒரு தடவ எண்ணிப் பாக்கட்டுமா? நீங்க ஆரம்பிக்கிறப்ப..." என்றார்.

"எனக்கு எண்ணக் கத்துக்குடுக்கிறியா?" என்றேன்.

வாசலில் நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்து முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார்.

மீட்டரைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். விதி அதுதான். முத்துராமன் கூட்டத்துக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "இங்கேயே சரி பண்ணிருங்க சார்" என்றார். மூடியைத் திறந்தேன். தட்டைப் பிடித்து நிறுத்தும் காந்தத்தைத் திருகினால் தட்டின் வேகம் மாறும். திருகினேன். மறுபடி எண்ணிப் பார்த்தேன், அதே களத்து எண்ணிக்கையில். கச்சிதமாக வந்தது. நான் இறங்கியதும் மேஸ்திரி, வீங்கிய காலோடு, ஸ்டூலில் ஏறி முத்திரை வைத்தார். 'வேகமாக ஓடியது, சரி செய்யப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்துராமன் எங்களுக்கு நுரை பொங்கப் பொங்கக் காபி கொடுத்தார். சரியாக ஓடிக்கொண்டிருந்த மீட்டரைக் கெடுத்துவிட்டு அந்தக் காபியைக் குடித்தேன்.

விசாரணை

சில மாதம் கழித்து நிர்ணய மீட்டர் சென்னையிலிருந்து திரும்பியது. புதிதாக வந்த இஞ்சினியர் ஊர் முழுவதும் மறுபடி சோதிக்கச் சொன்னார். அவரே முதலில் போன இடங்களில் காபி கிளப்பும் ஒன்று. மீட்டர் பத்தில் ஒரு பங்கு மந்தம். மின்சாரம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் யோசித்தது நியாயமாகத்தான் இருந்தது. டெஸ்டர் சரி செய்துவிட்டுப் போயிருக்கிறார், ரிப்போர்ட் இருக்கிறது. அதற்கப்புறம் யாரோ திறந்து மந்தப்படுத்தியிருக்கிறார்கள். முத்திரையோ உடையவில்லை. அதே எண். அப்படியானால் திறந்தவனே மறுபடி முத்திரை வைத்திருக்கிறான். கொறடு யாரிடம்? கருப்பையாவிடம். அவர் தினமும் காபி குடிப்பது எங்கே? அங்கே.

ஆபீஸ் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இஞ்சினியர். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மேஸ்திரி நின்றார். கொறடு மேசை மேல் கிடந்தது. பெல்ட் காலியாக இருந்தது.

"எவ்வளவு வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கலீங்க. அன்னக்கி சீல் வச்சதுக்கப்புறம் நான் அந்த மீட்டரத் தொடவே இல்லீங்க."

"அப்ப தானா மெதுவாப் போச்சா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அன்னக்கி அய்யா எண்ணுறப்ப 'லாபம்'னு ஆரம்பிச்சாருங்க. களத்துல எண்ணுற மாதிரி. அதுல ஒரு சுத்து கொறஞ்சு போச்சு. அய்யா வேணும்னு பண்ணல. வாய் பழக்கம். அந்த மீட்டர இப்ப அதே மாதிரி எண்ணிப் பாருங்க, சரியா வரும்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஸ்டூல், புகை, என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல், எல்லாம். தெரியாமல் செய்த பிழை அத்துடன் முடிந்தது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

இஞ்சினியர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன மிஸ்டர், மீட்டர் டெஸ்டா, கடலைக் களமா? ஒரு பி.எஸ்ஸி. அப்படியா எண்ணுவான்?"

ஆபீசில் என் பேச்சை நான் மாற்றி வைத்திருந்தேன். என் அப்பா கோவணத்தோடு கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிறவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. பட்டிக்காட்டான் என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்பதுதான் பெரிய பயம்.

"நோ சார்" என்றேன்.

"எங்க, எண்ணிக் காட்டுங்க."

சுவரில் சோதனைக்கு ஒரு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். "ஜீரோ, ஒன், டூ..." என்று பத்து வரை இங்கிலீஷில் எண்ணினேன். தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல்.

"கேட்டியா மேஸ்திரி?" என்றார் இஞ்சினியர். கதவருகில் நின்ற குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மேஸ்திரி அதற்கு மேல் வாதாடவில்லை. "நீங்க படிச்சவுக. எண்ணுனது நீங்கதான், நான் இல்லீங்க" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றோடு அவர் வேலை போயிற்று. காபி கிளப்புக்கும் கொஞ்ச நாள் கரண்டை வெட்டினார்கள். "அந்த ஆளு எங்கிட்டக் காலணா வாங்கலைய்யா" என்று முத்துராமன் ஆபீஸ் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். திருடனுக்குத் திருடன் சாட்சியா என்று குமாஸ்தா கேட்டார்.

அலமாரியில் இருந்த சாட்சி

கழற்றி வந்த மீட்டர் எங்கள் சோதனை அறை அலமாரியில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போனதும், அதை எடுத்து மாட்டினேன். விளக்குப் பலகையை எரியவிட்டேன். கோடு வந்ததும் வாட்சை அழுத்தி, வாய்க்குள்ளேயே லாபம் என்று தொடங்கிப் பத்து வரை எண்ணினேன்.

கச்சிதமாகச் சரி என்று வந்தது. மேஸ்திரி சொன்னபடியே.

அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தால் இஞ்சினியர் அறை. நடக்கவில்லை. திருப்புளியை எடுத்து, காந்தத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். இம்முறை ஒழுங்காக எண்ணிச் சரிபார்த்தேன். புது முத்திரை வைத்தேன். கொறடு அப்போது என் பொறுப்பில் வந்திருந்தது. மறுநாள் அந்த மீட்டர் யாரோ ஒரு வக்கீல் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே பல வருஷம் பிழையில்லாமல் ஓடியது என்று கேள்வி.

வல்லத்திராக்கோட்டை

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு எனக்கு உத்தியோக உயர்வு வந்தது. ஆர்டர் கையில் வந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன். விசாரித்ததும் ஒருவர், "எந்தக் கருப்பையா? கரண்டுக் கம்பெனியில கை வச்சாரே, அவுகளா?" என்று கேட்டு வழிகாட்டினார்.

மேஸ்திரி வீட்டுக்குப் பக்கத்தில் கடலைக் கொடியைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்கய்யா. வெயில்ல நிக்கிறீங்களே, இங்கிட்டு வாங்க."

வேப்ப மரத்து நிழலில் நின்றோம். அவரை 'நீங்க' என்று முதல் தடவையாகச் சொன்னேன்.

"மேஸ்திரி, அன்னிக்கு நீங்க சொன்னதுதான் நெசம். நான் அப்படித்தான் எண்ணுனேன். அப்புறம் தனியா சோதிச்சும் பாத்தேன். என்னை மன்னிச்சிருங்க."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"இத எதுக்குங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாதவுக இருக்காகள்ல, அவுகள்ட்டச் சொல்லுங்க. கம்பெனியிலதான் சொல்லணும்னு இல்ல, அது போவட்டும். எம் பொண்டாட்டி உள்ளதான் இருக்கா. வருசத்துக்கு ஒருக்காவாச்சும் கேக்குறா, 'மெய்யாலுமே நீங்க எதுவும் வாங்கலையா'ன்னு. கோவமாக் கேக்க மாட்டா. சும்மா, சோறு போடுறப்பக் கேப்பா. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

பிறகு வீட்டைப் பார்த்து, "செல்லம்மா, டவுன்லேர்ந்து அய்யா வந்திருக்காக" என்று குரல் கொடுத்தார்.

அந்த அம்மாள் ஒரு செம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். முந்தானையால் செம்பின் அடியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "கம்பெனி அய்யாவா?" என்று கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. இன்னும் ஏதாவது விசாரணையோ என்று பயந்துவிட்டார். கணவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மோரைக் குடித்தேன். உப்பும் கறிவேப்பிலையும் போட்டிருந்தது. மேஸ்திரி காத்திருந்தார். ஆபீஸ் அறையில் என்னைப் பார்த்துக் காத்திருந்தாரே, அதே மாதிரி.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேம்மா. பாத்துட்டுப் போகலாம்னு" என்றேன்.

மேஸ்திரி திரும்பி உட்கார்ந்து கடலைக் கொடியைப் பிரிக்கத் தொடங்கினார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. இறந்து பல வருஷம் ஆகிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இந்த அத்தியாயத்தில் பெயர்களை மாற்றிக்கொள்ளலாமே என்று பத்திரிகை ஆசிரியர் அன்போடு எழுதியிருந்தார். முத்துராமன் பெயரை மாற்றியிருக்கிறேன். மேஸ்திரியின் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் ஊரையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

செல்லம்மாள் அவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எனக்கு மூத்தவராக இருப்பார். அவருக்கோ, அவர் பிள்ளைகளுக்கோ யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அந்த மீட்டரை அவர் திறக்கவில்லை. அதைக் கெடுத்தவன் நான். அவர் விசாரணையில் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னவன், அன்று உங்கள் கையால் மோர் வாங்கிக் குடித்தவன்.